மான் கொம்புக்கு மட்டும் மறுதாம்பு எப்படி?

காட்டை ஒட்டிய மேட்டு நிலத்தில் கடலை போடும் வாசகர் ஒருவரிடமிருந்து வந்த கேள்வி இது. அவருடைய கறவை மாடு வேலிக் கம்பியில் தலையை நுழைத்து ஒரு கொம்பை முறித்துக்கொண்டது. அதே வாரத்தில் அவருடைய வரப்போரம் மூன்று கிளையுள்ள மான் கொம்பு ஒன்று கிடந்திருக்கிறது. எடுத்து வந்து திண்ணையில் வைத்திருக்கிறார். “மாட்டுக்கு முறிந்த கொம்பு திரும்ப வளருமா? வளராது என்றால், மானுக்கு மட்டும் விழ விழ எப்படி முளைக்கிறது? கிடைத்த கொம்பை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வைத்துக்கொள்ளக் கூடாது. மானைக் கொல்லவில்லை, தானாக விழுந்ததைத்தான் எடுத்தேன் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972-இன்படி காட்டு விலங்கின் கொம்பு அரசின் சொத்து. அனுமதியின்றி வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவதே நல்லது. இனிமேல் கண்ணில் பட்டால் தொடாமல் விட்டுவிட்டுத் தகவல் சொன்னால் போதும். விழுந்த கொம்பு வீணாகப் போவதில்லை. முள்ளம்பன்றியும் எலியும் ஏன் மான்களுமே சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கடித்துத் தின்றுவிடும்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

தமிழில் மாட்டுக்கும் கொம்பு, ஆட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு என்கிறோம். உண்மையில் இவை வேறு வேறு. மாட்டுக் கொம்பின் உள்ளே மண்டையோட்டோடு சேர்ந்த எலும்பு இருக்கிறது. அதன்மேல் நம் நகம் போன்ற பொருளால் ஆன கூடு இருக்கிறது. நகத்தைப் போலவே அடியிலிருந்து மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு வளரும். ஆயுசுக்கும் ஒரே கொம்புதான்.

புள்ளிமானின் கொம்போ முழுக்க எலும்பு. கூடு கிடையாது. அடியிலிருந்து வளராது, செடியின் கொழுந்தைப் போல நுனியில் வளரும், நுனியிலேயே கிளை விடும். ஆணுக்கு மட்டும் உண்டு. முற்றி, காய்ந்து, விழுந்து, திரும்ப முளைக்கும். கடமானுக்கும் இப்படித்தான். இதைக் கிளைக்கொம்பு என்று தனியே சொன்னால் குழப்பம் இராது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாம் மான் என்று அழைப்பவை எல்லாமே மான் குடும்பமல்ல. கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் திரியும் வெளிமானின் முறுக்குக் கொம்பு, மாட்டுக் கொம்பு வகை. அது விழாது, முறிந்தால் திரும்பவும் வராது. சென்னை கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் ஒரே புல்வெளியில் மேய்கின்றன. ஒன்றின் கொம்பு உதிர்ந்து முளைப்பது, மற்றொன்றின் கொம்பு கடைசிவரை தலையில் நிற்பது. இரண்டும் மான் என்றே பெயர் பெற்றிருக்கின்றன.

கட்டையும் மறுதாம்பும்

கரும்பை வெட்டியபின் நிலத்தில் நிற்கும் கட்டையிலிருந்து மறுதாம்பு வருவது எல்லாருக்கும் தெரியும். கிளைக்கொம்பு ஏறக்குறைய அதே வழியில்தான் வருகிறது. ஆண் மானின் நெற்றியில், மயிரும் தோலும் மூடிய இரண்டு குட்டையான எலும்புக் கட்டைகள் உண்டு. இவை விழுவதில்லை. கொம்பு இவற்றின் மேல் நிற்கிறது.

கொம்பு விழும் காலம் வந்ததும், கட்டைக்கும் கொம்புக்கும் இடையிலுள்ள எலும்பை அதற்கென்றே உள்ள செல்கள் அரித்துவிடுகின்றன. பழுத்த இலை காம்பில் கழல்வதுபோல ஒரு நாள் கொம்பு கழன்று விழுகிறது. கட்டையின் மேல் பச்சைப் புண். கொஞ்சம் ரத்தம், அதன்மேல் பொருக்கு. சுற்றியிருக்கும் தோல் நாலாபுறமிருந்தும் நகர்ந்து வந்து சில நாட்களில் புண்ணை மூடிவிடுகிறது. மூடும்போதே அடியில் மொட்டு கிளம்புகிறது.

பிறகு வளர்ச்சி வேகமெடுக்கும். பெரிய மான் இனங்களில், உச்ச வளர்ச்சிக் காலத்தில் ஒரு நாளைக்கு சுமார் 2 செ.மீ. நீளும். பாலூட்டிகளின் உடம்பில் எந்த எலும்பும் இந்த வேகத்தில் வளர்வதில்லை. அப்போது கொம்பு மெத்தென்று, சூடாக, ரத்தம் ஓடிக்கொண்டு, பட்டுப்போன்ற மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும். இதை வெல்வெட் தோல் என்கிறார்கள். நுனியில் முதலில் குருத்தெலும்பு உருவாகி, பின்னாலேயே எலும்பாக மாறிக்கொண்டு வரும்.

ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் ஏறும்போது கொம்பு இறுகி, ரத்த ஓட்டம் நின்று, வெல்வெட் தோல் காய்ந்து உரிகிறது. மான் அதை மரத்தில் தேய்த்துக் கழற்றும். காட்டோரத் தோப்புகளில் இளங்கன்றுகளின் பட்டை இடுப்புயரத்தில் நார் நாராகக் கிழிந்திருந்தால் பெரும்பாலும் இந்த வேலைதான். கன்றுகளைச் சுற்றி முள் கட்டுவதோ கம்பிவலைக் கூண்டு வைப்பதோ பலன் தரும். அந்த ஹார்மோன் இறங்கும்போது கொம்பு விழுகிறது. குளிர் நாடுகளில் இது பருவம் தவறாமல் நடக்கும். நம் புள்ளிமானுக்கு அவ்வளவு கண்டிப்பான கணக்கு இல்லை. ஒரே கூட்டத்தில், ஒரே நாளில், முற்றிய கொம்போடு ஒன்றும் வெல்வெட் கொம்போடு ஒன்றும் மொட்டைத் தலையாக ஒன்றும் நிற்கும்.

காயடித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி கால்நடை வளர்ப்பவர்களுக்கு இயல்பாக எழும். எருதைக் காயடித்தாலும் கொம்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மானின் கதை வேறு. குட்டியிலேயே காயடித்தால் கட்டையும் வராது, கொம்பும் வராது. முற்றிய கொம்புள்ள மானைக் காயடித்தால் சில வாரங்களில் கொம்பு விழுந்துவிடும். அடுத்து முளைப்பது ஒழுங்காக முற்றாமல் வெல்வெட்டாகவே நின்றுவிடும்.

விதை எங்கே இருக்கிறது?

கொம்பு முளைப்பதற்கான விதை எலும்பிலா, தோலிலா? மாட்டில் இதற்கு விடை முன்பே கிடைத்துவிட்டது. 1933-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிராங்க்ளின் டோவ் என்ற ஆய்வாளர், பிறந்து ஒரு நாளே ஆன அயர்ஷயர் காளைக்கன்றின் இரண்டு கொம்புக் குருத்துகளையும் தோலோடு பெயர்த்து, நெற்றி நடுவில் சேர்த்துப் பதித்தார். கன்று வளர்ந்தபோது நடு நெற்றியில் ஒற்றைக் கொம்போடு நின்றது. பதியம் போட்ட இடத்தில் முளைத்ததுபோல, குருத்து போன இடத்தில் கொம்பு வந்தது. மாட்டுக் கொம்பின் விதை எலும்பில் இல்லை, அதன்மேல் உள்ள அந்த வட்டத் தோல் திசுவில்தான்.

மானிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். அங்கே விடை தலைகீழாக வந்தது. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வெண்சவ்வு ஒன்று உண்டு. ஆட்டுக்கால் எலும்பைச் சுரண்டும்போது உரிந்து வருமே, அதுதான். 1974-இல் ஜெர்மனியில் ஹார்ட்விக், ஷ்ருடே என்ற இருவர், ரோ மான் குட்டியின் நெற்றியில் கொம்பு வரவேண்டிய இடத்து எலும்புச் சவ்வை மட்டும் எடுத்து அதன் முன்னங்காலில் தோலுக்கடியில் வைத்தார்கள். காலில் கொம்பு முளைத்தது. பின்னர் அமெரிக்காவில் ரிச்சர்ட் காஸ் அதே முறையை வேறு மான் இனத்தில் செய்து பார்த்தார். சவ்வைக் கொண்டுபோன இடத்தில் கொம்பு வந்தது. நெற்றித் தோலை மட்டும் கொண்டுபோனால் ஒன்றும் வரவில்லை.

ஒட்டு கட்டுகிறவர்களுக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும். எந்த மரத்தில் ஒட்டினாலும் ஒட்டுக்குச்சியின் குணம்தானே காய்க்கிறது.

நியூசிலாந்தின் இன்வர்மே ஆய்வுப் பண்ணையில் பல ஆண்டுகள் பணியாற்றிய சுன்யி லீ, இதை மறுமுளைப்புக்கும் பொருத்திப் பார்த்தார். கட்டையைச் சுற்றியுள்ள சவ்வை முழுவதும் உரித்தெடுத்தால் கொம்பு முளைக்கத் தவறியது. எங்காவது சவ்வு மிஞ்சியிருந்தால், அல்லது திரும்ப வளர்ந்தால், அந்த இடத்திலிருந்து முளைத்தது. மரத்தின் பட்டைக்கு உள்ளே இருக்கும் பச்சைப் படலத்தைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் பட்டுப்போவதையும், ஒரு கீற்று மிஞ்சினால் பிழைத்துக்கொள்வதையும் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்தச் சவ்வில் இருப்பவைதான் ஸ்டெம் செல்கள். குருத்தணு என்று தமிழில் சொல்லலாம், பொருத்தமாகவே இருக்கும். உடம்பின் மற்ற செல்கள் எலும்பாகவோ தசையாகவோ ஒரு வேலையில் அமர்ந்துவிட்டவை. குருத்தணு இன்னும் வேலையில் அமராதது. தானும் பெருகும், தேவைப்பட்டால் குருத்தெலும்பாகவும் எலும்பாகவும் மாறும்.

தோலுக்கு என்ன வேலை?

அப்படியானால் தோல் வெறும் போர்வைதானா? இங்கேதான் ஆய்வு சுவையாகிறது.

கட்டையைக் கூர்ந்து பார்த்தால், அதன் மேல் மூன்றில் ஒரு பாகத்தில் தோல் சவ்வோடு இறுக ஒட்டியிருக்கிறது. கீழ் இரண்டு பாகத்தில் தளர்வாக இருக்கிறது, கையால் அசைக்கலாம். கொம்பு முளைப்பது இறுக ஒட்டிய மேல் பகுதியிலிருந்துதான். கீழ்ப் பகுதிச் சவ்விலும் குருத்தணுக்கள் இருக்கின்றன. ஆனால் அவை உறங்குகின்றன.

லீயும் அவருடைய குழுவினரும் தோலுக்கும் சவ்வுக்கும் நடுவே எதுவும் ஊடுருவ முடியாத மெல்லிய தாளைச் செருகிப் பார்த்தார்கள். இளம் மானில் முதல் கொம்பு வரும் முன்பு இப்படித் தடுத்தால், கட்டை வளர்ந்தது, கொம்பு வரவில்லை. தாள் விலகி தோலும் சவ்வும் தொட்டுக்கொண்ட பிறகுதான் கொம்பு வந்தது. வளர்ந்த மானில், ஏற்கெனவே தோலோடு ஒட்டி விழித்திருந்த பகுதிக்கு மேல் தாளை வைத்தபோதோ, கொம்பு தோல் இல்லாமலேயே வெறும் எலும்பாக வளர்ந்தது. ஆக, முதல் தூண்டுதலைத் தோல் கொடுக்கிறது. ஒருமுறை விழித்துக்கொண்ட சவ்வு அதன்பின் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது.

எதிர்த்திசையிலும் பேச்சு நடக்கிறது. சவ்விலிருந்து வரும் வேதிச் சமிக்ஞைகளைப் பெற்றுத் தோலும் மாறுகிறது. சாதாரண நெற்றித் தோலாக இருந்தது வெல்வெட் தோலாகிறது. அதில் மயிர்க்கால்கள் புதிதாக உண்டாகின்றன, எண்ணெய்ச் சுரப்பி பெருக்கிறது, மயிரைச் சிலிர்க்க வைக்கும் சின்னத் தசையும் வியர்வைச் சுரப்பியும் இருப்பதில்லை. வளர்ந்த பாலூட்டியின் உடம்பில் காயம் பட்ட இடத்தில் புதிதாக மயிர்க்கால் தோன்றுவது மிக அரிது. உழவு மாட்டின் கழுத்தில் நுகத்தடிப் புண் ஆறிய இடத்தைப் பார்த்தால் தெரியும். மயிர் இல்லாத வழவழப்பான வடுவாகத்தான் அது இருக்கும்.

2022-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகக் குழு இதைக் கலைமானில் நேரடியாக ஒப்பிட்டது. துருவப் பகுதியின் இந்தப் பனிமானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. கொம்பின் வெல்வெட் தோலிலும் அதே விலங்கின் முதுகுத் தோலிலும் ஒரே அளவில் காயம் உண்டாக்கினார்கள். முதுகில் வடு விழுந்தது. கொம்பில் மயிரோடும் சுரப்பியோடும் பழைய தோலே திரும்ப வந்தது. காரணத்தைத் தேடியபோது, தோலின் அடியிலுள்ள நார்செல்களில் வேறுபாடு தெரிந்தது. முதுகுத் தோலின் நார்செல்கள் காயம் பட்டதும் வீக்கத்தை உண்டாக்கும் அணுக்களைக் கூவி அழைக்கின்றன. வெல்வெட் தோலின் நார்செல்கள், கருவில் இருக்கும் குழந்தையின் தோல் செல்களைப் போல, அந்த ஆரவாரத்தை அடக்கி வைக்கின்றன. ஆரவாரம் குறைந்தால் வடுவும் குறைகிறது. வெல்வெட் தோலை முதுகில் ஒட்டி வைத்தபோது முதலில் அங்கும் வடுவின்றி ஆறியது; நாளாக ஆக அக்கம்பக்கத்தின் பழக்கம் பிடித்துக்கொண்டு அந்தத் திறன் மங்கியது.

எலித் தலையில் மான் கொம்பு

2023 பிப்ரவரியில் சயின்ஸ் இதழில் வந்த சீன ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. சீகா என்ற புள்ளி மானின் கட்டையிலிருந்து, கொம்பு விழுவதற்கு முன்னும் பின்னுமாகப் பல நாட்களில் திசு எடுத்து, சுமார் 75,000 செல்களைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். எந்தச் செல் எப்போது விழிக்கிறது, எதுவாக மாறுகிறது என்று பார்த்ததில், கொம்பு விழுந்து சில நாட்களிலேயே மொட்டில் பெருகும் ஒரு தனி வகைக் குருத்தணு பிடிபட்டது. அதை ஆய்வகத்தில் பெருக்கி, எதிர்ப்பு சக்தி ஒடுக்கப்பட்ட சுண்டெலிகளின் நெற்றியில் வைத்தார்கள். 45 நாட்களில் எலிகளின் தலையில் குருத்தெலும்பும் எலும்புமாகச் சிறு கொம்பு போன்ற முளை எழுந்தது.

படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. முறிந்து சேராத எலும்பு, தேய்ந்த மூட்டுக் குருத்தெலும்பு, வெந்துபோன தோல் என்று மருத்துவம் கைபிசையும் இடங்களுக்குத்தான் இந்த ஆய்வு குறி வைக்கிறது. வளர்ந்த பாலூட்டிகளில் எலும்பு, ரத்தக்குழாய், நரம்பு, தோல் என்று ஓர் உறுப்பே முழுசாகத் திரும்ப முளைப்பது மானின் கொம்பில் மட்டும்தான். பல்லிக்கு வால் முளைக்கிறது, ஆனால் அந்த வாலில் முதுகெலும்புக் கண்ணிகள் திரும்ப வருவதில்லை, குருத்தெலும்புக் குழாய்தான். மனிதருக்கான சிகிச்சை எதுவும் இந்த ஆய்வுகளிலிருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மான் கொம்பை உரைத்துப் பற்றுப் போடும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. கொரியாவிலும் சீனாவிலும் வெல்வெட் பருவத்துக் கொம்பை உலர்த்தி மருந்தாக விற்கிறார்கள். நியூசிலாந்தில் அதற்காகவே செம்மான் பண்ணைகள் இருக்கின்றன. உயிரோட்டமுள்ள கொம்பு என்பதால் வலிநீக்க ஊசி போட்டுத்தான் அறுக்க வேண்டும் என்பது அங்கே விதி. “ஸ்டெம் செல் நிறைந்தது” என்ற விளம்பரத்தோடு கேப்சூலும் விற்கிறார்கள். உலர்த்திப் பொடித்த கொம்பில் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது. விழுங்கினால் மற்ற எலும்புத் தூளைப்போல அதுவும் செரித்துப்போகும். மூட்டுவலி நீங்கும், ஆண்மை கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நம் நாட்டில் இது சட்டவிரோத வேட்டைக்குத்தான் வழிவிடும். விழுந்த கொம்புக்கு விலை என்று வந்துவிட்டால், நிற்கும் கொம்புக்குக் கண்ணி வைக்க ஆள் வந்துவிடும்.

மானுக்கும் இந்த வளர்ச்சி இலவசமாகக் கிடைப்பதில்லை. இவ்வளவு எலும்பை இவ்வளவு சீக்கிரம் கட்டத் தீவனத்துச் சுண்ணாம்பு போதாது. விலா எலும்பு முதலியவற்றிலிருந்து கரைத்து எடுத்துக்கொண்டு, பிறகு மெல்ல நிரப்பிக்கொள்கிறது. கன்று ஈன்ற கறவை மாடு தன் எலும்பைக் கரைத்துப் பாலில் விடுவதைப் போலத்தான். மாட்டுக்கு அது சமாளிக்க முடியாமல் போகும்போது பால் காய்ச்சல் வருகிறது.

முறிந்த மாட்டுக் கொம்புக்கு

இனி வாசகரின் மாடு. மாட்டின் கொம்பில் மானின் கட்டைபோல விழித்திருக்கும் சவ்வு இல்லை. ஆகவே உள்ளெலும்பு முறிந்தால் முறிந்த பாகம் திரும்ப வராது. மேல்கூடு மட்டும் கழன்றிருந்தால் கவலை குறைவு. உள்ளெலும்பின்மேல் நாளடைவில் புதுக் கூடு படியும்; பழைய அழகு இராது, கோணலாக இருக்கலாம். நடுவில் முறிந்திருந்தால் மிச்சமுள்ள அடிப்பாகம் வழக்கம்போல மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும்.

வளர்ந்த மாட்டின் கொம்பு எலும்பு உள்ளே பொள்ளல். அந்தப் பொள்ளல் நெற்றி எலும்பின் காற்றறையோடு சேர்ந்திருக்கிறது. அடியோடு முறிந்தால் ஓட்டை நேராக மண்டைக்குள் திறக்கும். அந்த ஓட்டையில் மஞ்சள் தண்ணீரோ எண்ணெயோ மருந்தோ ஊற்றக் கூடாது. சாம்பலும் சாணமும் அப்பக் கூடாது. சுத்தமான துணியை மடித்து வைத்து இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரை அன்றே அழைக்க வேண்டும். ரணஜன்னி தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். ஆறும்வரை ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம், புழு வைத்துவிட்டால் உள்ளே போய்விடும். மூக்கில் ஒரு பக்கம் மட்டும் சீழ் வடிந்தாலோ மாடு தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாலோ காற்றறையில் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள்.

வேலியும் தொழுவமும் நெருக்கமாக உள்ள இடங்களில் கொம்பே வேண்டாம் என்று நினைப்பவர்கள், கன்று பிறந்த முதல் சில வாரங்களில் கொம்புக் குருத்தைச் சுட்டு நீக்கச் சொல்லலாம். இரண்டு மாதம் வரை குருத்து தோலோடு அசையும், மண்டையோட்டில் பிடித்திருக்காது. டோவ் பெயர்த்து நட்டது இந்தக் குருத்தைத்தான். மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, குருத்தைச் சுற்றியுள்ள வளையத் தோலை முழுதாகச் சுட வேண்டும். ஒரு ஓரம் மிஞ்சினாலும் அங்கிருந்து கோணல் கொம்பு கிளம்பும். வளர்ந்த மாட்டுக்கு இதைச் செய்வது பெரிய அறுவைச் சிகிச்சை. அவசியம் இல்லாமல் அதற்குப் போக வேண்டாம்.